நிலக்கரியிலிருந்து டீசல்: ஏற்காட்டுத் தந்தையின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூ படிக்கும் தங்கள் மகள் நிலக்கரியைத் திரவ எரிபொருளாக்கும் தொழில்நுட்பத்தைத்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்பதாகவும், நாளை மூடிவிடக்கூடிய தொழிலை நம்பி அனுப்புவதா என்று வீட்டார் தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயக்கம் நியாயமானதே. ஆனால் இளநிலையில் அதற்கெனத் தனிப் பட்டம் தேட வேண்டாம். வேதிப் பொறியியலில் சேர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

ஜெர்மனியில் 1920களில் ஃபிஷர், டிராப்ஷ் என்ற வேதியியலாளர்கள் கண்ட முறையில், நிலக்கரியை நீராவியும் ஆக்சிஜனும் கொண்டு வாயுவாக்கி, அதில் கிடைக்கும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவிலிருந்து கந்தகத்தை நீக்கி, இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின் மேல் செலுத்தினால் டீசலும், நாப்தா என்ற லேசான எண்ணெயும், மெழுகும் கிடைக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் சாசோல் நிறுவனம் 1950களிலேயே இதை வணிக அளவில் தொடங்கிவிட்டது. இவ்வினையில் கடும் வெப்பம் வெளிப்படும். உலைக்குள் செல்லும் குழாய்களில் நீரை ஆவியாக்கி அந்த வெப்பத்தை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் மீத்தேன் மிகுந்துவிடும், வினையூக்கியும் கெடும். அந்த வெப்பக் கணக்கைப் போடத் தெரிந்தவருக்கு உர ஆலையிலும் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலும் வேலை உண்டு. நான் துணிந்து பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுவே.

2030க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் நிலக்கரியை வாயுவாக்குவது மத்திய அரசின் இலக்கு. 2024 ஜனவரியில் 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இலக்கை வேலை உத்தரவாக எண்ணிவிடாதீர்கள். நம் நிலக்கரியில் சாம்பல் பெரும்பாலும் 30 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் வெளிநாட்டு வாயுவாக்கிகள் அப்படியே பொருந்துவதில்லை. கரியமில வாயுவும் ஏராளமாக வெளியேறும். ஆராய்ச்சியில் ஆர்வமிருந்தால் இச்சிக்கல்களே மகளுக்கு வாய்ப்பாகும்.

மேட்டூர் அனல் மின் நிலையம் அருகில்தானே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அங்கே நிலக்கரி எரிக்கப்படுகிறது. மகள் விரும்பும் தொழில் வேறு. சேலத்தை விட்டு வெளியே அனுப்ப மனமில்லையென்றால் இத்துறை ஒத்துவராது. நெய்வேலி, ஜார்க்கண்டின் தன்பாத், ஒடிசா என்று போக நேரிடும், ஆலைப் பணியில் ஷிப்டும் உண்டு. இதை மகளிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரிக்குத் தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வு வழியாகவும், திருச்சி என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின் வழியாகவும் முயலலாம். வேதியியலில் வெப்ப இயக்கவியல், வினைவேகவியல் பாடங்களின் கணக்குகளை மகள் விரும்பிப் போடுகிறாரா என்று அவருடைய ஆசிரியரிடம் கேட்டுவிட்டு, விருப்பப் பட்டியலை நிரப்புங்கள்.