ஃபார்மேட் அடிக்கும் முன் அவுட்லுக் மெயிலை எப்படி எடுத்து வைப்பது?

கேள்வி: மண்ணடி லிங்கிச் செட்டித் தெருவில் சின்னதாக ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்சி வைத்திருக்கிறோம். ஆபீஸ் கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ. எஸ்எஸ்டி (வேகமான புது வகை டிஸ்க்) மாட்டி விண்டோஸ் 11 புதிதாக ஏற்றலாம் என்கிறார் சர்வீஸ் பையன். பத்து வருட மெயில் அவுட்லுக்கில் கிடக்கிறது. “எல்லாத்தையும் டி டிரைவ்ல போட்டுடறேன் சார், ஒண்ணும் ஆகாது” என்கிறார். நம்பலாமா?

பதில்: பையனை நம்பலாம், டி டிரைவைத்தான் நம்ப முடியாது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் சி-யும் டி-யும் ஒரே ஹார்ட் டிஸ்கின் இரண்டு பாகங்கள்தான். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். அதோடு, சர்வீஸுக்கு வருபவர்கள் பழக்கத்தில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் காப்பி செய்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். உங்கள் மெயில் அந்த மூன்றிலும் இல்லாமல் இருக்கலாம்.

அதனால் முதலில், மெயில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவுட்லுக்கில் ஃபைல், அக்கவுண்ட் செட்டிங்ஸ் என்று போனால், இமெயில் என்ற பகுதியில் உங்கள் கணக்குக்கு எதிரே பாப், ஐமேப், எக்ஸ்சேஞ்ச் இவற்றில் ஒன்று போட்டிருக்கும்.

பாப் என்றால் சர்வரிலிருந்து மெயிலை இறக்கி உங்கள் டிஸ்கில் பிஎஸ்டி என்ற வகை ஃபைலில் வைத்துக்கொள்ளும் முறை. சர்வரில் கொஞ்ச நாள் பிரதி இருக்கும், அவுட்லுக்கின் வழக்கமான அமைப்பில் 14 நாள். அதற்கு முந்தையதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான். பழைய டொமைன் மெயில் (கம்பெனி பெயரில் முடியும் முகவரி) வைத்திருக்கும் சின்ன ஆபீஸ்களில் பாப்தான் அதிகம், உங்களுடையதும் அதுவாக இருக்கவே வாய்ப்பு. கஸ்டம்ஸ் புரோக்கர் என்றால் ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அதில் பாதி மெயில் அட்டாச்மென்டாகத்தானே கிடக்கும்?

ஐமேப், எக்ஸ்சேஞ்ச் இரண்டிலும் மெயில் சர்வரில் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இருப்பது அதன் நிழல். அந்த நிழல் இருக்கும் ஓஎஸ்டி என்ற வகை ஃபைலைக் காப்பி செய்வது வீண். வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் திறக்காது.

“அப்போ ஐமேப் என்றால் கவலையில்லை” என்று விட்டுவிடாதீர்கள், நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். ஐமேப் கணக்கில் கான்டாக்ட்ஸும் காலண்டரும் ‘இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்’ என்ற குறிப்போடு இருக்கும். அவை சர்வருக்குப் போவதில்லை. அவுட்லுக்கின் எக்ஸ்போர்ட் வசதியில் அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். இன்னொன்று: ஹோஸ்டிங்கில் (மெயில் சர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனத்தில்) மெயிலுக்குக் கொடுத்த இடம் நிறைந்தபோது, ஆபீஸில் யாராவது 2017, 2018 மெயிலையெல்லாம் ஆர்க்கைவ் என்ற ஃபோல்டருக்குத் தள்ளியிருப்பார்கள். அது சர்வரில் இருக்காது, தனி பிஎஸ்டி ஃபைலாக டிஸ்கில் இருக்கும்.

ஆக, பாப்போ ஐமேப்போ, டிஸ்கில் உள்ள எல்லா பிஎஸ்டி ஃபைலையும் தேடியாக வேண்டும். அக்கவுண்ட் செட்டிங்ஸில் டேட்டா ஃபைல்ஸ் என்ற பகுதி இடத்தைக் காட்டும். ஆனால் இப்போது அவுட்லுக்கில் திறந்திருப்பவற்றை மட்டும்தான் காட்டும். எப்போதோ மூடிவிட்ட ஆர்க்கைவ் அதில் வராது. திஸ் பிசி-யைத் திறந்து, தேடும் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, பிஎஸ்டி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸ் டிக் ஆகியிருக்கட்டும். பழைய அவுட்லுக்கிலிருந்து அப்கிரேட் செய்த கம்ப்யூட்டரில் மெயில் ஃபைல் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும்.

காப்பி செய்யும்போது அவுட்லுக்கை முழுவதும் மூடுங்கள். திறந்திருந்தால் ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று காப்பி நின்றுவிடும். பத்து வருட மெயில் என்றால் ஃபைல் 10, 15 ஜிபி இருந்தாலும் ஆச்சரியமில்லை. பென் டிரைவில் எவ்வளவு இடம் இருந்தாலும் அது ஃபேட்32 வகையானால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வாங்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ்-ஆக மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றும்போது அதில் இருப்பது அழிந்துவிடும். என்னைக் கேட்டால் பென் டிரைவே வேண்டாம், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்குங்கள். நம்ப முடியாத விலையில் 2 டிபி பென் டிரைவ் கிடைக்கிறதென்றால், எங்கே கிடைத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே நிஜத்தில் இருப்பது அதில் ஒரு துளிதான். காப்பி ஆனதுபோல் காட்டிவிட்டு, திறக்கும்போது கைவிரிக்கும்.

காப்பி ஆனதும் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்கிலிருந்து நேராகத் திறக்காமல், அந்தக் கம்ப்யூட்டருக்குள் காப்பி செய்து, அவுட்லுக்கில் ஃபைல், ஓபன் வழியாகத் திறக்கவும். மிகப் பழைய மெயில், நேற்று வந்த மெயில், நடுவில் ஒரு பில் ஆஃப் லேடிங் அட்டாச்மென்ட் என்று மூன்றையும் திறந்தாலே போதும். இது முடியும்வரை பையனை ஸ்க்ரூ டிரைவரைத் தொட விடாதீர்கள்.

மெயில் பாஸ்வேர்ட் பிஎஸ்டி-யோடு வராது. அவுட்லுக் நினைவில் வைத்திருப்பதால் வருடக்கணக்கில் யாரும் அடித்திருக்க மாட்டார்கள். பிரவுசரில் வெப்மெயிலைத் திறந்து இப்போதே லாகின் செய்து பாருங்கள். மறந்திருந்தால் ஹோஸ்டிங்காரரிடம் புதிது வாங்குங்கள். சர்வர் பெயர்கள், போர்ட் எண்கள் உள்ள திரையை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் லைசென்ஸ் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். மெயில் அடியில் தானாக வரும் கையெழுத்து, மெயிலைப் பிரித்து வைக்கும் ரூல்ஸ் எல்லாம் போனால் போகட்டும், அரை மணி நேரத்தில் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். டேலி கணக்கு சாஃப்ட்வேர் இருந்தால், அதன் டேட்டா வேறு கதை. அதைத் தனியாக பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள்.

விண்டோஸ் ஏற்றிய பின், அதோடு வரும் புதிய அவுட்லுக்கில் அல்லாமல், கிளாசிக் அவுட்லுக்கில் கணக்கைச் சேருங்கள். பிஎஸ்டி-யை முதலில் சி டிரைவில் வைத்துவிட்டு, பாப் கணக்கைச் சேர்க்கும்போது ஏற்கெனவே உள்ள டேட்டா ஃபைலைப் பயன்படுத்து என்பதைத் தேர்ந்தெடுத்து அதைக் காட்டுங்கள். பாப் கணக்கில் கடைசி இரண்டு வார மெயில் மறுபடி ஒருமுறை இறங்கி இரட்டையாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், ஒன்றை அழித்துவிடலாம்.

அப்புறம், எஸ்எஸ்டி புதிதாக மாட்டுவதால் உங்களுக்கு ஒரு வசதி: பழைய ஹார்ட் டிஸ்கை அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. கழற்றியதை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காமல், ஒரு கவரில் போட்டுத் தேதி எழுதி, இரண்டு மூன்று மாதம் பீரோவில் வைத்திருங்கள்.