பிக்கப் வண்டியில் சைக்கிளை ஆடாமல் கட்டுவது எப்படி?

ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு நாலைந்து சைக்கிள்களைப் பிக்கப்பில் ஏற்றிப் போக வேண்டும். ஸ்டாண்டு போட்டு ஒரு கயிறு கட்டினால் போதாதா?

போதாது. கட்டுவது என்றால் விழாமல் பிடிப்பது மட்டுமல்ல, எந்தத் திசையிலும் நகரவிடாமல் செய்வது. பிரேக் போட்டதும் வண்டி நிற்கும். மேலே இருக்கும் சைக்கிளோ அதே வேகத்தில் முன்னால் போகப் பார்க்கும். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் கதைதான்.

அதனால் முன்சக்கரத்தைக் கேபின் பக்கத் தடுப்பில் முட்ட வையுங்கள். அப்புறம் ஹேண்டிலின் கழுத்திலிருந்து இடமும் வலமுமாக இரண்டு கயிறுகளைக் கீழ்நோக்கிச் சரித்து இழுத்துக் கட்டுங்கள். பந்தல் காலுக்கு இருபுறமும் இழுவைக் கயிறு கட்டுவோமே, அதே கணக்கு. பிரேக் வயர் கயிற்றில் மாட்டக்கூடாது. பின்சக்கரத்துக்குத் தனியாக ஒரு கட்டு. அடுத்த சைக்கிளைத் தலைமாற்றி நிறுத்தினால் ஹேண்டில்கள் இடிக்காது. நடுவே பழைய சாக்கு செருகினால் பெயிண்டும் தப்பும்.

நம்ம பக்கத்தில் பிரேக்கைவிடக் காற்றுதான் வில்லன். 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடல்காற்று பக்கவாட்டில் தள்ளும். பாலத்துக்கு முன்னால் வரும் மண்டபம் ஊரில் ஒரு டீ குடித்துவிட்டு முடிச்சுகளை மறுபடி இறுக்குங்கள். குலுங்கலில் எந்தக் கயிறும் கொஞ்சம் தளரும்.

ரப்பர் கயிறு இறுக்கமாகத்தானே இருக்கிறது என்பார்கள். நின்ற வண்டியில் சரி, ஒரு பள்ளத்தில் இறங்கினால் அது நீளும், சைக்கிளும் கூடவே எம்பும்.