தீ, தீக்குச்சி, இரவு மணி: வாசகர் கேள்விகள்

கேள்வி: 1666-இல் லண்டன் எரிந்ததற்கு ஒரு ரொட்டிக் கடைக்காரரின் கவனக்குறைவுதான் காரணமா? (மதுரை வாசகர்)

பதில்: தீ தொடங்கியது அவருடைய கடையில்தான், ஆனால் நகரமே எரிந்த பழியை அவர் ஒருவர்மீது சுமத்த முடியாது. செப்டம்பர் 2-ஆம் தேதி, பொழுது விடியுமுன், புட்டிங் லேன் என்ற சந்தில் தாமஸ் ஃபாரினரின் அடுமனை தீப்பற்றியது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் படுத்தேன் என்று அவர் கடைசிவரை சாதித்தார். வறண்ட கோடையில் காய்ந்திருந்த மரவீடுகளும், மாடிகள் ஒன்றையொன்று தொடுமளவுக்குக் குறுகிய சந்துகளும், கிழக்கிலிருந்து வீசிய பலத்த காற்றும் தீயைச் சுமந்து சென்றன. தீயின் வழியிலுள்ள வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்குவதே அன்றைய தடுப்புமுறை என்றிருக்க, உரிமையாளர் சம்மதமின்றி இடிக்க மேயர் பிளட்வர்த் தயங்கினார். என் பார்வையில் பெரிய குற்றம் அந்தத் தயக்கமே. நான்கு நாட்களில் சுமார் 13,200 வீடுகளும் 87 தேவாலயங்களும் செயின்ட் பால் பேராலயமும் அழிந்தன.

கடற்படை அலுவலர் சாமுவேல் பெப்பிஸ், ஒயினையும் பார்மீசான் பாலாடைக்கட்டியையும் குழிதோண்டிப் புதைத்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். (பணத்தையும் வெள்ளிப் பாத்திரங்களையும் முந்தின நாளே வண்டியேற்றிவிட்டார், மனிதர் விவரமானவர்தான்.) தீ வைத்தது நானே என்று ஒப்புக்கொண்ட ராபர்ட் ஹியூபர்ட் என்ற பிரெஞ்சுக்காரரைத் தூக்கிலிட்டார்கள், தீ மூண்ட நாளில் அவர் லண்டனுக்கே வந்து சேரவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கேள்வி: தீக்குச்சி வருவதற்கு முன் அங்கே வீடுகளில் எப்படித் தீ மூட்டினார்கள்? (சேலம் வாசகி)

பதில்: சிக்கிமுக்கிக் கல்லை எஃகில் தட்டி, தெறிக்கும் பொறியைக் கருக்கிய துணியில் ஏந்தி, கந்தகம் தோய்த்த மெல்லிய குச்சியை அதில் வைத்துச் சுடராக்கினார்கள். ஈரமான காலைகளில் இதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், இரவில் கங்குகளைச் சாம்பலால் மூடிவைத்து மறுநாள் ஊதி எழுப்புவதையே பலரும் விரும்பினார்கள். உரசினால் பற்றும் குச்சியை இங்கிலாந்தின் ஸ்டாக்டன் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர் 1827-இல் விற்கத் தொடங்கினார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. பின்னால் வந்த குச்சிகளில் சேர்க்கப்பட்ட வெண்பாஸ்பரஸ், தொழிலாளர்களின் தாடையெலும்பை அரித்துவிட்டது.

கேள்வி: 'கர்ஃபியூ' என்ற சொல்லுக்கும் அடுப்புக்கும் தொடர்பு உண்டாமே? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: உண்டு. பழைய பிரெஞ்சு மொழியில் 'தீயை மூடு' என்பதே அதன் பொருள். இடைக்கால ஐரோப்பிய ஊர்களில் இரவு மணி ஒலித்ததும் அடுப்புக் கங்குகளை மூடிவிட வேண்டும். அதற்கென்றே உலோகத்தில் செய்த மூடிக்கும் அதே பெயர் வழங்கியது. அடுப்பை மூடச் சொன்ன மணி, நாளடைவில் வெளியே நடமாடாதே என்று சொல்லும் மணியாகவும் ஆயிற்று. ஆக்ஸ்ஃபோர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் இரவு 9.05-க்கு 101 முறை மணியடிக்கும் வழக்கம், வாயிற்கதவு சாத்தும் நேரத்தை மாணவர்களுக்கு அறிவிப்பதற்காக வந்தது.