செட்டிநாட்டுப் பழைய வீட்டில் மாடுலர் கிச்சன் போடலாமா?

நூறு வருடத்துச் சுண்ணாம்புக் காரை வீடு, அடுப்படியை மட்டும் புதுசாக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அலமாரி, கலர் எல்லாம் அப்புறம். முதலில் சுவரைப் பாருங்கள்.

காரை உதிர்ந்த இடத்தில் கொத்தனார் சிமெண்ட் பூசத்தான் சொல்வார். விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஏறும் ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பழைய செங்கல்லையே பொடியாக்கும். ஒட்டு வேலைக்கும் சுண்ணாம்புக் கலவைதான் சரி. அடுப்புக்குப் பின்னால் எண்ணெய் தெறிக்கும் பட்டையில் மட்டும் டைல்ஸ் போதும். சுவர் முழுக்க வேண்டாம்.

தண்ணீர்க் குழாய்க்காகச் சுவரைக் கொத்தாமல் வெளியே தெரிகிற மாதிரியே கொண்டு போங்கள். பார்க்க அழகில்லைதான். ஆனால் கசிந்தால் அன்றைக்கே கண்ணில் படும். சிம்னிக் குழாய்க்கும் புது ஓட்டை வேண்டாம், பழைய புகைபோக்கி இருந்தால் அதன் வழியே விடலாம்.

ஆத்தங்குடிக் கல் தரைக்கு அருமை. சூளையில் சுடாத சிமெண்ட் கல் அது, எலுமிச்சையும் புளியும் பட்டால் கறை பிடிக்கும். அதனால் மேடைக்கு வேண்டாம். கடப்பாக் கல்லும் புளிப்புக்கு மங்கும், மேடைக்குக் கறுப்பு கிரானைட்டே மேல். தரையை ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

பர்மா தேக்குக் கதவை மட்டும் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடாதீர்கள், அந்த மரம் இப்போது கிடைப்பது குதிரைக்கொம்பு.