வார இறுதி வதிவிட முகாமை மாணவர்களே நடத்தலாமா?

கேள்வி: நான் ஹட்டன் பகுதியில் உயர்தரம் பயிலும் மாணவத் தலைவி. எமது பாடசாலையும் அருகிலுள்ள சிங்களமொழிப் பாடசாலையும் சேர்ந்து, தரம் 10 முதல் 12 வரையான 40 பேருக்கு வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை வதிவிட முகாம் நடத்த எண்ணியுள்ளோம். சென்ற ஆண்டு ஆசிரியர்கள் நடத்திய முகாமில் இரு தரப்பினரும் தனித்தனி மேசைகளிலேயே உண்டு திரும்பினோம். இம்முறை நாங்களே நடத்தினால் நிலைமை மாறுமா?

பதில்: மாறக்கூடும். ஆனால் ஆசிரியர் ஆற்றிய உரையை மாணவத் தலைவர் ஆற்றுவது மட்டுமே மாற்றமென்றால், அதே இரண்டு மேசைகள்தாம் மிஞ்சும். உணவு பொதியாக வந்திறங்கும் முகாமில் ஒருவருக்கு மற்றவர் தேவைப்படுவதே இல்லை. ஆதலால் முதலில் சமையலை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987இல் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. பாடசாலைகளில் இரண்டாம் மொழியும் ஒரு பாடமாக உண்டு. எனினும் பரீட்சைத் தாளில் சிங்களம் எழுதும் பிள்ளை, பக்கத்தில் இருப்பவரிடம் உப்புக் கேட்கத் தயங்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு முகாமில் பருப்பை ருசி பார்த்த சிங்கள மாணவன் 'லுணு மதி' என்றான். 'மதி' என்றால் போதும் என்று எண்ணிய எங்கள் மாணவி உப்புப் போத்தலை மூடிவைத்துவிட்டாள். அவன் சொன்னதோ, உப்புப் போதாது என்று. சப்பென்ற பருப்பை அனைவரும் விழுங்கிய அந்த இரவுக்குப் பின் அச்சொல்லை ஒருவரும் மறக்கவில்லை.

முகாம் முழுவதும் மரக்கறி உணவாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை விரதமிருப்பவருக்கோ முஸ்லிம் மாணவருக்கோ தனிப் பானை தேவைப்படாது. பணம் வசூலிப்பதைக் குறைத்து, ஆளுக்கு ஒரு சுண்டு அரிசி கொண்டுவரச் சொல்லி ஒரே சாக்கில் கொட்டுங்கள். நாட்சம்பளக் குடும்பத்துப் பிள்ளை கட்டணத்துக்கு அஞ்சி வேறு காரணம் சொல்லி நின்றுவிடுவது, நம் பகுதியில் எவரும் வாய்விட்டுப் பேசாத விடயம்.

மனம் திறந்து பேசும் அமர்வைச் சனி மாலைக்கு ஒதுக்குங்கள். முதல் இரவில் எவரும் உண்மை பேசுவதில்லை. எட்டுப் பேர் கொண்ட ஐந்து குழுக்கள், ஒவ்வொன்றிலும் மொழிக்கொருவராக இரு வழிநடத்துநர்கள் போதும். தன் அனுபவத்தை மட்டும் பேசவேண்டும் என்பதே விதி. மொழிபெயர்ப்பவர் கசப்பான சொல்லை இனிப்பாக்கித் தரக்கூடாது. தமிழர், சிங்களவர் என்று மட்டும் பிரித்துப் பார்த்துவிடாதீர்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்பவரைக் குறிக்கும் 'லயத்துப் பிள்ளை' என்ற ஏளனம் நம் நகரத்துத் தமிழ் மாணவர் வாயிலிருந்தும் வருவதுதானே?

'இங்கே பேசியது இங்கேயே இருக்கும்' என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். தான் துன்புறுத்தப்படுவதாக ஒரு பிள்ளை சொன்னால், அதை உடனே பொறுப்பாசிரியரிடம் சேர்ப்பது உங்கள் கடமை என்பதை அமர்வுக்கு முன்பே அறிவியுங்கள்; சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற தொலைபேசி இலக்கமும் உண்டு. அதிபரின் அனுமதி, பெற்றோரின் கையொப்பம், இரவுக் காவல், மருந்துப் பெட்டி ஆகியவற்றை ஆசிரியர்களிடமே விட்டுவிடுங்கள். பெண் பிள்ளைகளின் விடுதியில் ஓர் ஆசிரியை தங்காவிட்டால், தோட்டத்துத் தாய்மார் அனுப்பமாட்டார்கள். அவர்கள் அஞ்சுவதும் நியாயமே.

ஹட்டன் பக்கத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவமழை வலுக்கும், மண்சரிவு அபாயமும் உண்டு. பெப்ரவரியில் ஒரு வார இறுதியைத் தெரிவுசெய்து, ஆளுக்கு இரண்டு கம்பளி கொண்டுவரச் சொல்லுங்கள்.