மூலைகளில் மட்டும் ஜெல்கோட் சுருங்குவது ஏன்?

வணக்கம். கண்ணாடியிழைப் பொருள் செய்யும் அச்சின் தட்டையான பரப்பு பளபளப்பாக வருகிறது, ஆழமான மூலைகளில் மட்டும் ஜெல்கோட் (அச்சில் முதலில் தெளிக்கும் நிறப்பூச்சு) முதலைத்தோல் போலச் சுருங்குகிறது, அதை இறுகவைக்கும் வினையூக்கியைக் கூட்டியும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வினையூக்கியை இனியும் கூட்டாதீர்கள், தயாரிப்பாளர் தந்த வரம்பை (பெரும்பாலும் 1.2 முதல் 2.5 சதவீதம்) மீறினால் இறுகல் சீராகாது, படலந்தான் பலவீனமாகும்.

இறுகாத ஜெல்கோட்டின் மேல் கண்ணாடியிழையும் ரெசினும் (இழையைப் பிணைத்து இறுகும் பிசின்) வைக்கும்போது, ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற எளிதில் ஆவியாகும் திரவம் ஜெல்கோட்டுக்குள் ஊறி, படலத்தை உப்பச் செய்து சுருக்குகிறது. மூலையில் இது நேர்வதற்கு இரண்டு காரணங்கள்: தெளிப்புத் துப்பாக்கியின் வீச்சு அங்கே நேராகப் பாயாததால் படலம் மெலிந்துபோகிறது, காற்றைவிடக் கனமான ஸ்டைரீன் ஆவி குழியில் தேங்கி இறுகலைத் தாமதப்படுத்துகிறது. இரண்டாவதைப் பலரும் கவனிப்பதே இல்லை.

ஆகவே மூலைகளை முதலில் தெளித்துவிட்டு, பிறகு பரப்புக்கு வாருங்கள். ஒரே வீச்சில் முடிக்காமல் இரண்டு மூன்று மெல்லிய வீச்சுகளாகத் தெளித்து, ஈரப்படல அளவியால் (காயாத பூச்சின் தடிமனைக் காட்டும் கருவி) மூலைக்கு அருகிலும் அளந்து, தடிமன் சுமார் 0.5 மில்லிமீட்டர் இருப்பதை உறுதிசெய்யுங்கள். தெளித்தபின் அச்சைச் சாய்த்து வைத்தால் ஆவி தானாக வழிந்து வெளியேறும். அடுத்த அடுக்குக்கு முன் விரலால் தொட்டுப் பார்ப்பதை மூலையிலேயே செய்யுங்கள்: பிசுபிசுப்பு இருக்கலாம், ஆனால் விரலில் நிறம் ஒட்டக்கூடாது. ஒட்டினால் காத்திருங்கள்.