பழுது பார்க்கக் கொடுத்த கார் ஆம்ப்ளிஃபயர்: கடைக்காரரின் பொறுப்பு எதுவரை?

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறேன். என் காரில் பதினான்கு ஆண்டுகளாக இருந்த நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர், 'புரொடெக்ட்' (பழுது எச்சரிக்கை) விளக்கு எரிந்து ஓசையின்றி நின்றது. ஜங்ஷன் பகுதியில் ஒரு கடைக்காரர், மாஸ்ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) மாற்றியதாகச் சொல்லி 4,800 ரூபாய் வாங்கினார், பில் தரவில்லை. பத்தொன்பதாம் நாள் மீண்டும் அதே விளக்கு. திரும்பக் கொடுத்தபோது, "பழைய சாமானுக்கு கேரண்டி கிடையாது, இன்னும் 2,500 ரூபாய் தந்தால்தான் பெட்டியைத் தருவேன்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கேரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டதாலேயே அவர் பொறுப்பு தீர்ந்துவிடாது. கூலி வாங்கிச் செய்த வேலையில் உரிய கவனம் இல்லையென்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. பில் தராததும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகப் பழக்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

ஆனால் பெட்டி மறுபடியும் நின்றுவிட்டது என்பது மட்டுமே குறைபாட்டை நிரூபிக்காது. வழக்கின் உயிர்நிலை, எதனால் நின்றது என்பதுதான். இணையாக இருக்கும் மாஸ்ஃபெட்டுகளில் எரிந்த ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, மற்றவற்றையும் அவற்றோடு இணைந்த கேட் ரெசிஸ்டர்களையும் சோதிக்காமல் விட்டதால் புதியதும் எரிந்திருந்தால், தவறு அவருடையது. நம் ஊர் சித்திரை வெயிலில் டிக்கிக்குள் பல ஆண்டுகள் வெந்த கெப்பாசிட்டர் இப்போது உப்பியிருந்தால், அது அவர் தொடாத வேறொரு பழுது. காரின் எர்த் இணைப்பு துருப்பிடித்திருந்தாலோ, ஸ்பீக்கர் வயர் பாடியில் உரசினாலோ, பிழை உங்கள் காரில் இருக்கிறது. எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்ளப்போவது இதைத்தான். ஆகவே உங்கள் முன்னிலையில் ஸ்பீக்கர் வயர்களையும் (ஸ்டீரியோவிலிருந்து ஒலி கொண்டுவரும்) ஆர்சிஏ வயர்களையும் கழற்றி, பேட்டரி, எர்த், (பெட்டியை ஆன் செய்யும்) ரிமோட் ஆகிய மூன்று வயர்களை மட்டும் இணைத்துப் பார்க்கக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அப்போதும் விளக்கு எரிந்தால் பழுது பெரும்பாலும் பெட்டிக்குள்தான். பெட்டி கைக்கு வந்தபின் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி, எந்தப் பாகம் எரிந்தது என்று எழுதி வாங்குங்கள்.

பெட்டியைப் பிடித்துவைப்பது பற்றி. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு, உழைப்பைச் செலுத்திய பழுதுபார்ப்பவருக்குத் தன் கூலி வரும்வரை பொருளை வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. முதல் கூலியை நீங்கள் கொடுத்தாகிவிட்டது. இரண்டாவது வேலையை அவர் இன்னும் செய்யவில்லையென்றால், அந்த 2,500 ரூபாய்க்காகப் பெட்டியை முடக்கிவைக்க அவருக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் தொலைபேசியில் "சரி, பார்த்து முடிங்க" என்று சொல்லி, அவரும் வேலையை முடித்துவிட்டால் கதை மாறிவிடும். அந்த வாய்ச்சொல்லில் எச்சரிக்கை தேவை.

இப்போது ஒப்புகையுடன் கூடிய அஞ்சலில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள்: பெட்டியையும், கழற்றிய பழைய பாகங்களையும், 4,800 ரூபாய்க்கான பில்லையும் பதினைந்து நாளில் தரவேண்டும். பணம் கொடுத்ததற்கான ஜிபே பதிவையும் துண்டுச்சீட்டு ஏதேனும் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். அவர் அசையவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பிறகு திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்குக் கட்டணம் இல்லை. வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யவேண்டும். 4,800 ரூபாய்க்கு வக்கீல் வைத்தால் கணக்கு உதைக்கும். நீங்களே நேரில் வாதாடலாம்.